விளக்கு போடாத அறை

விடுதியில் அவளை எல்லோரும் அலாரம் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப்பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. காலை நாலரைக்கு எழுந்துவிடுவாள். மழையோ குளிரோ, பரீட்சையோ காய்ச்சலோ, நாலரை என்றால் நாலரைதான். அவளோடு ஒரே அறையில் மூன்று வருடம் குப்பை கொட்டியவளுக்கோ தூங்குமூஞ்சி என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியதும் அலாரம்தான். இவர்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பார்த்து ஒரே அறையில் போட்ட வார்டன் அம்மாள் ஒன்று சுத்த அப்பாவியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பொல்லாத குசும்புக்காரியாக இருக்க வேண்டும்.

தூங்குமூஞ்சி படித்தது கட்டடக்கலை. அட்டையை வெட்டி, பசை தடவி, ஊதினால் பறந்துவிடுகிற வீடுகளைக் கட்டி முடித்துப் படுக்கவே அவளுக்கு ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். அலாரம் இயற்பியல் படித்தாள். அதாவது வகுப்புக்குப் போய் உட்கார்ந்தாள். அவள் உண்மையில் செய்துகொண்டிருந்தது டிரையத்லான். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை விட்டதும் ஓட்டம். நடுவில் நின்று மூச்சு வாங்க முடியாது, ஷூ மாட்டுகிற நேரம் கூடக் கணக்கில் சேர்ந்துவிடும். இதை முதல் தடவை கேட்டபோது தூங்குமூஞ்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மூணையும் மூணு நாள் வெச்சு நிதானமா செஞ்சா என்னடி கொறஞ்சு போயிடும்?"

"ஒண்ணும் கொறையாது. அதுக்கு வேற பேரு வெச்சுக்கலாம், பிக்னிக்னு" என்றாள் அலாரம்.

முதல் வாரமே சண்டை வந்தது. நாலரைக்கு அறையின் குழல்விளக்கு படபடவென்று துடித்து எரிய, இரண்டு மணிக்குப் படுத்த தூங்குமூஞ்சி பத்ரகாளியாக எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம்.

"இன்னொரு தடவ லைட்டப் போட்டேன்னு வெச்சுக்கோ, நேரா வார்டன்கிட்டதான் போவேன். செல்போன் வெளிச்சமும் கூடாது. எனக்கு லேசா வெளிச்சம் பட்டாலும் தூக்கம் போயிடும்."

அலாரம் எழுந்து போய் விளக்கை அணைத்தாள். அன்றிலிருந்து அந்த அறையில் விடிவதற்கு முன்னால் விளக்கே எரியவில்லை.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அலாரத்துக்குப் பார்வை மைனஸ் ஏழு. போதாததற்கு சிலிண்டர் பவர் வேறு. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் உலகம் முழுக்கக் கஞ்சி மாதிரி ஆகிவிடும் அவளுக்கு. ஒரு நாள் கொடியில் காய்ந்த வார்டனின் மழைக்கோட்டுக்குக் குட் மார்னிங் சொல்லிவிட்டு வந்தவள். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, வைத்தால் கண் கோவைப்பழமாகிவிடும். அவள் பவருக்கு நீச்சல் கண்ணாடியும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவள் கும்மிருட்டில் எழுந்து, தண்ணீர் குடித்து, உடை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தாள். எப்படிப் போகிறாள் என்று தூங்குமூஞ்சி யோசித்ததே இல்லை. தூங்குகிறவளுக்கு எதற்கு அந்தக் கவலை?

ஒரே ஒரு சத்தம் மட்டும் தினமும் கேட்கும். நீச்சல் குளம் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, சைக்கிளில்தான் போவாள். அறையை விட்டுப் போகும்போதே ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கியைப் போடுவாள். டக். அந்த டக்குக்குத் தூங்குமூஞ்சி ஒரு தடவை முனகிவிட்டுப் புரண்டு படுப்பாள். "அதையாவது வெளிய போய் மாட்டித் தொலையேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. "ஹெல்மெட் கொக்கியப் போடாம சைக்கிளத் தொட்டா போட்டில தண்டனை. கை பழகணும்ல?" என்பாள் அலாரம். சைக்கிளோ மாடிப்படிக்குக் கீழே நிற்கும். இருந்தாலும் பழக்கம் பழக்கம்தான்.

முதல் வருட முடிவில் ஒரு விபரீதம் நடந்தது. தூங்குமூஞ்சி மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கட்டிய அட்டை நூலகம் ஒன்றை உலர வைப்பதற்காகத் தரையில் வைத்து, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் படுத்துவிட்டாள். நாலரை மணிக்குச் சரக்கென்று ஒரு சத்தம். நூலகத்தின் இரண்டு மாடிகளும் ஒரே மாடியாகிவிட்டன. தூங்குமூஞ்சி அழுத அழுகையில் பக்கத்து அறைகள் எல்லாம் விழித்துக்கொண்டன.

"நாற்காலிய ஏன்டி நகத்தின? நாற்காலி முதுகத் தொட்டுட்டுத்தான் நான் திரும்புவேன்" என்றாள் அலாரம், அவளும் அழுகிற நிலையில்தான் இருந்தாள்.

"கண்ணு தெரியாதவ மாதிரி பேசறியே, பாத்து நடக்கறதுக்கென்ன?"

"எங்க பாக்கறது? நீதான லைட்டப் போடாதங்கற?"

அன்றைக்குத்தான் தூங்குமூஞ்சிக்கு விஷயம் விளங்கியது. கட்டிலிலிருந்து அலமாரிக்கு நாலு அடி. அலமாரியிலிருந்து இடது பக்கம் திரும்பி மூன்று அடி வைத்தால் நாற்காலி முதுகு. அதைத் தொட்டுத் திரும்பி இரண்டு அடி, ஆணியில் பை. அங்கிருந்து கதவுக்கு ஐந்து. அவள் அந்த அறையை எண்ணி வைத்திருந்தாள். கண்ணாடியைக் கூட மாட்டுவதில்லை, இருட்டில் மாட்டி என்ன ஆகப்போகிறது என்று அது ஹெல்மெட்டுக்குள்ளேயே கிடக்கும். அன்றிலிருந்து அந்த அறைக்கு ஆளுக்கொரு சட்டம் ஆயிற்று. ஒருத்திக்காக விளக்கு போடக்கூடாது. இன்னொருத்திக்காக எதையும் இடம் மாற்றக்கூடாது.

அவள் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் நீச்சல். வந்ததும் வேகவைத்த முட்டை நாலு, வாழைப்பழம் மூன்று. வகுப்பு. சாயங்காலம் சைக்கிள் அல்லது ஓட்டம், செவ்வாயும் சனியும் இரண்டும். எட்டரை மணிக்குக் கட்டையைச் சாய்த்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். ஜன்னல் கம்பியில் எப்போதும் ஈர நீச்சலுடை தொங்கும். அறை முழுக்கக் குளோரின் வாசனை. ஈரக்கால் ஷூவுக்குள் வழுக்கிக்கொண்டு போவதற்காகத் தூங்குமூஞ்சியின் முகப்பவுடர் டப்பா டப்பாவாகக் காலியாகும். "என் மூஞ்சிக்குப் போட வேண்டியதெல்லாம் உன் காலுக்குப் போகுதுடி" என்று இவள் புலம்ப, "ரெண்டும் ஒண்ணுதான விடு" என்று அவள் சொல்ல, தலையணை பறக்கும்.

அவளுடைய அம்மா தினமும் ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார். மகள்தான் அதற்குள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாளே. அதனால் தூங்குமூஞ்சியின் போனுக்கே கூப்பிடப் பழகிக்கொண்டார்.

"தூங்கிட்டாளாம்மா? சாப்ட்டாளா? எவ்ளோ சாப்ட்டா?"

"நாலு பேரு சாப்பாட்ட ஒருத்தியா சாப்ட்டாம்மா."

"அப்ப சரி" என்று அம்மா நிம்மதியாக வைத்துவிடுவார். மகள் எதற்காக நீந்துகிறாள், எதற்காக ஓடுகிறாள் என்பது அவருக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. சாப்பாடு பிடிபடும்.

இரண்டாம் வருடம் பல்கலைக்கழக அணிக்கான தேர்வுப் போட்டி வந்தது. முதல் மூன்று பேருக்குத்தான் அணியில் இடம். அலாரம் நான்காவதாக வந்தாள், பதினோரு விநாடி வித்தியாசத்தில். பரிசு மேடையை ஒட்டி நின்று மற்ற மூன்று பேருக்கும் கைதட்டினாள். விடுதிக்கு வந்து குளித்தாள், சாப்பிட்டாள், எட்டரைக்குப் படுத்துவிட்டாள். அழுவாள், சமாதானம் சொல்லலாம் என்று காத்திருந்த தூங்குமூஞ்சிக்குத்தான் தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்தவள் எப்போது கண்ணயர்ந்தாளோ தெரியாது, டக் என்ற சத்தம் கேட்டு விழித்தாள். மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. வழக்கமான நேரம், வழக்கமான சத்தம். முதல் தடவையாக அவளுக்கு முனகத் தோன்றவில்லை. இவள் சாதாரண ஆள் இல்லை என்று அந்த இருட்டில் நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாவி விட்டுக்கொண்டே ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நிற்பவள் யார் என்று பார்த்தால், நம்ம தூங்குமூஞ்சி.

மூன்றாம் வருடம்தான் அலாரத்துக்குக் கடைசி வருடம். இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

போட்டி ஓர் ஏரிக்கரை மைதானத்தில் நடந்தது. முந்தின நாள் சாயங்காலமே சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கயிறு கட்டிய பெரிய அடைப்புக்குள் இரும்புக் குழாய்களை வரிசை வரிசையாக நட்டு, அவற்றில் நூற்றிருபது சைக்கிள்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏரியிலிருந்து ஏறி வருகிறவர்கள் ஒரு மூலையில் இருந்த வாசல் வழியாக உள்ளே ஓடி வந்து, தங்கள் சைக்கிளைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். அலாரத்தின் சைக்கிள் நான்காவது வரிசையில் இருந்தது.

போட்டியாளர் இல்லாதவர்களுக்குக் கயிற்றுக்கு வெளியேதான் இடம். தூங்குமூஞ்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அலாரம் கண்ணாடியைக் கழற்றிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள்.

"போன வருஷம் ஓரத்துல வெச்சிருந்தேன், பிரச்சினை இல்ல. இப்ப நட்ட நடுவுல. எல்லாம் ஒரே கம்பிக் குப்பையாத் தெரியுது."

"இரு இரு. நான் எதுக்கு இருக்கேன்? கட்டடம் படிக்கறவகிட்ட கேளு" என்று தூங்குமூஞ்சி கையைக் கண்ணுக்கு மேல் வைத்து மைதானத்தை அளந்தாள். மரம் தூரம். கொடிக்கம்பம் மெல்லிசு. அறிவிப்புப் பலகை சின்னது. அப்புறம் கண்ணில் பட்டது அது. நான்காவது வரிசைக்கு நேர் எதிரே, கயிற்றை ஒட்டி, பெரிய மஞ்சள் வேன். கூடாரமும் நாற்காலியும் வாடகைக்குக் கொண்டுவந்திருந்தவருடையது.

"அந்த மஞ்சள் தெரியுதா?"

"தெரியுது. பெருசா, மஞ்சளா."

"அவ்ளோதான். வாசல்ல நுழைஞ்சதும் மஞ்சளத் தேடு, அதுக்கு நேரா வா. உன் வரிசைல வந்து நிப்ப."

"நாளைக்கும் அங்கயே நிக்குமாடி?"

"நாற்காலி குடுத்தவரு நாற்காலிய எடுக்காம எங்க போவாரு? நின்னுதான ஆகணும்?"

அலாரம் தலையாட்டினாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வாசலிலிருந்து சைக்கிள் வரைக்கும் மூன்று தடவை நடந்து பார்த்தாள். நடக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமி கும்பிடுகிறாள் போல என்று தூங்குமூஞ்சி நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக, கழுத்தில் விசில் தொங்கிய நடுவர் அம்மாள் ஒலிபெருக்கியில் விதிகளை வாசித்தார். வாசித்துவிட்டுக் கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தார்.

"வெளிய இருக்கறவங்களுக்கும் சேத்துதான் சொல்றேன். கை தட்டலாம், பேரச் சொல்லிக் கத்தலாம். வழி சொல்லக் கூடாது, கை காட்டக் கூடாது, எதையும் எடுத்துக் குடுக்கக் கூடாது. நீங்க பாசத்துல செய்வீங்க. போட்டிய விட்டு வெளிய போறது அவங்கதான்."

மறுநாள் தூங்குமூஞ்சி நாலு மணிக்கே எழுந்துவிட்டாள். இது விடுதி வரலாற்றில் எழுதி வைக்க வேண்டிய சம்பவம். ஆறரைக்கு ஏரிக்கரையில் விசில் ஊதினார்கள். முப்பத்தெட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் தண்ணீரில் பாய, கரை ஓரம் நுரையாகிப் போனது. எழுநூற்றைம்பது மீட்டர். அலாரத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் ஆகும். தூங்குமூஞ்சி சைக்கிள் அடைப்புப் பக்கம் ஓடி வந்து நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டாள். போன் அடித்தது.

"என்னம்மா, ஆரம்பிச்சாச்சா? காலைல சாப்ட்டாளா?" அலாரத்தின் அம்மா.

"சாப்ட்டாம்மா. இப்ப தண்ணில இருக்கா. லைன்லயே இருங்க, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், நான் சொல்லிட்டே வரேன்."

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் எஞ்சின் உறுமியது. மஞ்சள் வேன். தூங்குமூஞ்சி ஓடிப் போய் ஓட்டுநரின் ஜன்னலைத் தட்டினாள்.

"அண்ணா, அண்ணா! எங்க போறீங்க?"

"பரிசு மேடைக்கு நாற்காலி போகணும்மா."

"ஒரு பதினஞ்சு நிமிஷம் இங்கயே நில்லுங்கண்ணா, ப்ளீஸ். என் ஃப்ரெண்டு தண்ணிக்குள்ள இருக்கா."

"நான் என்ன தண்ணிக்குள்ளயாம்மா ஓட்டறேன்? தள்ளும்மா, ஆம்புலன்ஸ் நிக்கற இடமாம் இது. காலைலருந்து மூணு பேரு திட்டிட்டாங்க."

வேன் நகர்ந்தது. ஒரேயடியாகக் கண்காணாத இடத்துக்குப் போயிருந்தால் கூடத் தேவலை. சனியன் பிடித்த வேன் அடைப்பைச் சுற்றிக்கொண்டு போய் எட்டாவது வரிசைக்கு நேராக, அதே மாதிரி பெரிசாக, அதே மாதிரி மஞ்சளாக நின்றது. ஓட்டுநர் இறங்கி நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார்.

தூங்குமூஞ்சி நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு வருடமாக ஒரு நாற்காலியைக் கூட நகர்த்தாமல் அறையைக் கட்டிக் காத்தவள், கட்டடம் படிக்கிறவள், ஒரு மைதானம் முழுக்கத் தேடி நாலு சக்கரம் உள்ள ஒன்றை அடையாளமாகக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்குத் தன்னையே நாலு அறை விட வேண்டும் போல இருந்தது.

அலாரம் இரண்டாவதாகக் கரையேறினாள். இரண்டாவது! பவர் இல்லாத நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலுக்குள் ஓடி வந்தாள். தலையை ஒரு தடவை திருப்பினாள். மஞ்சளைப் பார்த்தாள். நம்பி, நேராக, முழு வேகத்தில் எட்டாவது வரிசைக்கு ஓடினாள்.

அங்கே போய்க் கையை நீட்டினாள். வேறு யாருடைய சைக்கிளோ. பக்கத்தில் இருந்ததைத் தொட்டாள். அதுவும் இல்லை. எண் ஒட்டியிருந்த அட்டைக்கு மூக்கை உரசுகிற அளவு குனிந்து பார்த்தாள். அதற்குள் மூன்றாவது பெண் வந்து, தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான்காவது பெண். ஐந்தாவது பெண்.

"என்னம்மா ஆச்சு? சத்தமே காணோம்?" போனில் அம்மா.

நாலு வரிசை தள்ளி வந்துவிட்டாய் என்று ஒரு வார்த்தை. ஒரு கை அசைப்பு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தூங்குமூஞ்சியின் வாய் திறந்தேவிட்டது. பத்தடி தள்ளி விசிலோடு நின்ற நடுவர் அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். தூங்குமூஞ்சி துப்பட்டா முனையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள், அதுவும் வாயைத் திறந்தே ஆக வேண்டிய நேரத்தில்.

அலாரம் அப்படியே நின்றுவிட்டாள். எல்லாரும் பறக்கிற இடத்தில் அவள் மட்டும் அசையவில்லை. அப்புறம் திரும்பி, வந்த வழியே வாசலுக்கு ஓடினாள். வாசல் தரைவிரிப்பின் விளிம்பைக் கால் விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணை மூடினாள்.

மயக்கம் போட்டு விழப்போகிறாள் என்றுதான் தூங்குமூஞ்சி நினைத்தாள். விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். ஓடவில்லை, நடந்தாள். நிதானமாக, ஒரே சீராக, உதடு அசைய அசைய. "ஓடு! ஓடு!" என்று கூட்டம் கத்தியது. ஈரக்காலோடு ஒரு பெண் அவளை இடித்துக்கொண்டு ஓடினாள். அலாரம் வேகத்தை மாற்றவில்லை.

"என்னதான் பண்றாம்மா அவ?"

தூங்குமூஞ்சி துப்பட்டாவை வாயிலிருந்து உருவினாள். "நடக்கறாம்மா."

"நடக்கறாளா? எல்லாரும் ஓடுவாங்கன்னு சொன்னியே, இவ ஏன் நடக்கறா? கால்ல அடியா?"

"இல்லம்மா. எண்ணறா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது. நேற்று அசைந்த உதடு சாமி கும்பிடவில்லை.

அலாரம் ஓர் இடத்தில் நின்றாள். இடது பக்கம் திரும்பினாள். இன்னும் சில அடிகள். வலது கையை நீட்டினாள். கை நேராகப் போய் ஹெல்மெட்டின் மேல் உட்கார்ந்தது. உள்ளே இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினாள், ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள், தாடைக்குக் கீழே கை போயிற்று. அத்தனை இரைச்சலில் அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் தூங்குமூஞ்சிக்கு டக் என்று கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

அதுவரைதான் அவள் நடந்தாள். அப்புறம் பிடித்தது பேய் ஓட்டம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டி, ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள்.

சைக்கிள் இருபது கிலோமீட்டர், ஏரியைச் சுற்றி நாலு சுற்று. முதல் சுற்றில் ஏழாவது ஆளாகவே வந்தாள். இரண்டாவது சுற்றில் ஆறாவது. மூன்றாவதிலும் ஆறாவது. தூங்குமூஞ்சி போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இதெல்லாம் புரிந்ததோ இல்லையோ, "மூணுக்குள்ள வரணும்ல? வந்துருவாம்மா, அவ பிடிவாதம் எனக்குத் தெரியாதா, பால்புட்டிய மறக்கடிக்க நான் பட்ட பாடு" என்று இங்கேயிருந்து எங்கேயோ போனார். நாலாவது சுற்று முடிந்து சைக்கிளைக் கொண்டுவந்து மாட்டியபோது அலாரம் ஐந்தாவது. இப்போது மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது. ஷூவுக்குள் கால் ஒரே இழுப்பில் போனது, முகப்பவுடர் வீண்போகவில்லை. யாரையும் பார்க்காமல் ஓடினாள்.

ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் அவளை மிஞ்ச அங்கே ஆள் குறைவு. பாதி வழியில் நான்காவது ஆகிவிட்டாள். அங்கேயேதான் மாட்டிக்கொண்டாள். போன வருடமும் நான்காவது. மூன்றாவதாகப் போன பெண் நல்ல உயரம், நீளக் கால். அவளும் விடுகிற ஜாதியில்லை. கடைசித் திருப்பத்தில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போலக் கண்ணில் பட்டபோது நடுவில் பத்தடி இருந்தது. தூங்குமூஞ்சி போனை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றோரமாகக் கூடவே ஓடினாள். பேரைச் சொல்லிக் கத்தலாம் என்றுதானே சொன்னார்கள்? கத்தினாள். மூன்று வருடத்தில் ஒரு தடவை கூடக் கூப்பிடாத அந்தச் சொந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினாள். பத்தடி ஐந்தடி ஆனது. ஐந்தடி இல்லாமல் போனது. கோட்டுக்கு இருபது மீட்டர் இருக்கும்போது அலாரம் தோளோடு தோள் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தாண்டினாள்.

மூன்று.

கோட்டைத் தாண்டியதும் புல்லில் மல்லாந்து விழுந்துவிட்டாள். தூங்குமூஞ்சி போய்ச் சேர்ந்தபோது நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. இவளுக்கு அழுகையும் திட்டும் ஒன்றாக வந்தது.

"நான்தான்டி எல்லாத்தையும் கெடுத்தேன். போயும் போயும் வேனக் காட்டினேனே. என்னச் செருப்பால அடி."

"செருப்பு எங்க வெச்சேன்னு தெரியல, அப்பறம் அடிக்கறேன்" என்றாள் அலாரம். மூச்சு இன்னும் அடங்கவில்லை. "மஞ்சள் எடம் மாறிடுச்சுன்னு தெரிஞ்சதும் கையும் ஓடல காலும் ஓடல. எங்க பாத்தாலும் கம்பி. கண்ணத் தொறந்து வெச்சிருக்கறதாலதான் இவ்ளோ குழப்பம்னு தோணுச்சு. மூடிட்டேன். மூடினதும் நம்ம ரூம் மாதிரி ஆயிடுச்சு. வாசல்லருந்து இருபத்திரெண்டு, எடது பக்கம் ஒன்பது."

"நேத்தே எண்ணினியா? அப்ப என் வேன நம்பலையா நீ?"

"நம்பினேன்டி, நம்பித்தான எட்டாவது வரிசைக்கு ஓடினேன்? எண்ணணும்னு எண்ணல. எங்க நடந்தாலும் தானா எண்ணிடறேன் இப்பல்லாம். பழகிப்போச்சு."

தூங்குமூஞ்சி அவள் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்தாள். தன் ஒருத்தியின் தூக்கத்துக்காக இவள் மூன்று வருடம், ஒரு நாள் கூட முகம் சுளிக்காமல், இருட்டில் துழாவிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். தான் அதை ஒரு நாள் கூடப் பெரிதாக நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அது எந்தக் கணக்கில் தனக்கு வருகிறது என்றுதான் தெரியவில்லை. இடுப்பிலிருந்து ஒரு குரல் வெகுநேரமாகக் கத்திக்கொண்டிருந்தது. போனை எடுத்து மகளின் காதில் வைத்தாள்.

"அம்மா, மூணாவதும்மா. டீம்ல சேத்துட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம்டா தங்கம். சாப்ட்டியா?"

மறுநாள் ஓய்வு நாள் என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பியிருந்தார். அலாரமாவது, ஓய்வாவது. அது தெரிந்ததால் தூங்குமூஞ்சி நாலேகாலுக்கே விழித்துக்கொண்டு காத்திருந்தாள். நாலரைக்குப் பக்கத்துக் கட்டில் முனகியதும் எழுந்து போய் விளக்கைப் போட்டாள். குழல்விளக்கு படபடவென்று துடித்து, அறை முழுக்க வெள்ளையாக எரிந்தது.

"இனிமே நீ லைட் போட்டுக்கோடி. எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் தலையோட போத்திக்கறேன்."

அலாரம் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பொத்தியபடியே எழுந்து நாலு அடி வைத்தவள், கண்ணைத் திறந்ததும் தடுமாறி அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு திரும்பி, நாற்காலியில் இடித்துக்கொண்டாள். பையைக் காணோம் என்று ஆணிக்குக் கீழே நின்று சுற்றுமுற்றும் தேடினாள். பை ஆணியில்தான் தொங்கியது.

"அய்யோ, அணைடி அத! எண்ணிக்கையே தப்பிப் போச்சு. எது எங்க இருக்குன்னு ஒண்ணும் தெரியல."

தூங்குமூஞ்சி விளக்கை அணைத்துவிட்டுத் தன் கட்டிலில் வந்து படுத்தாள். இருட்டில் அலாரம் கட்டிலுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாலு. திரும்பி மூன்று. நாற்காலி முதுகு. இரண்டு. இவளும் மனசுக்குள் கூடவே எண்ணிக்கொண்டு வந்தாள். டக் என்று கேட்டது. ஐந்து அடி போய்க் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அதற்கப்புறம்தான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.